சுருதி இறங்கிய வீடு

முதல் நாள் வகுப்பில் நிஜ வயலினை டிரைவரின் கையில் கொடுத்தார்கள். அவருடைய மகளுக்குக் கிடைத்தது ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியின் ஒரு பக்கம் மர ஸ்கேல் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வில்லுக்குப் பதில் ஒரு குச்சி.

“டீச்சர், ஆள் மாத்திக் குடுத்துட்டீங்க” என்றார் டிரைவர்.

“இல்ல சார், சரியாத்தான் குடுத்திருக்கேன். இங்க முதல்ல அப்பா அம்மாதான் கத்துக்கணும். நீங்க வாசிக்கிறதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் இவளே வந்து உங்க கையிலேருந்து வயலினைப் பிடுங்குவா. அன்னைக்குத்தான் இவளுக்கு வயலின்.”

“பிடுங்கலைன்னா?”

“பிடுங்குற வரைக்கும் நீங்க வாசிக்கணும்.”

சுவரோரம் வரிசையாக நின்றிருந்த அம்மாக்களிடமிருந்து சிரிப்பு வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் தன் வயலினை இடுப்பில் குழந்தையைப் போல் இடுக்கிக்கொண்டு, “எங்க வீட்டுல நான் எதைத் தொட்டாலும் பிடுங்குதுங்க சார். இதை மட்டும்தான் மூணு மாசமா என் தலையிலேயே கட்டிட்டுத் திரியுதுங்க” என்றார்.

டிரைவர் தலையாட்டினார். அந்த நாட்களில் அவர் எதற்கும் தலையாட்டிவிடுவார்.

டயர் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அறை. கீழே சக்கரங்களின் மரைகளைக் கழற்றும் இயந்திரம் அவ்வப்போது கர்ரென்று உறுமும். ரப்பர் வாசனை படியேறி வந்துவிடும். தரையில் ஆளுக்கொரு பழைய செய்தித்தாள். அதன்மேல் அவரவர் பாதங்களை வைத்து டீச்சர் பென்சிலால் வரைந்திருந்தார். வாசிக்கும்போது எல்லாரும் தங்கள் பாதச்சுவட்டின் மேல்தான் நிற்க வேண்டும். குழந்தைகளின் சுவடுகள் வெற்றிலை அளவுக்கு இருந்தன. டிரைவருடையது ஒரு தாளுக்குள் அடங்கவில்லை. இரண்டு தாள்களை ஒட்டி வரைந்தார்கள்.

வண்டி ஓட்டுவதை அவர் நிறுத்தி வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் டிரைவர் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை. அந்த நகரத்தின் பேருந்துகளில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். அவர் பிரேக் போட்டால் நிற்கிற பயணிகூடக் கம்பியைத் தேட மாட்டார். அவருடைய மனைவி அப்படிக் கம்பியைப் பிடிக்காமல் நின்ற பயணிகளில் ஒருத்தி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை முதல் வண்டியில் தினமும் அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள். ஒரு நாள், “நாளைக்கு லீவு போடுங்க, எங்க வீட்டுக்கு வந்து பேசணும்” என்றாள். அவர் லீவு போட்டார். கல்யாணம் அப்படித்தான் ஆனது.

வண்டி ஓட்டுவதை அவர் நிறுத்தக் காரணமான விபத்து பட்டப்பகலில் நடந்தது. நிறுத்தியிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் சாலையில் இறங்கினார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. நிற்பதற்குச் சற்று முன்பே எல்லாம் முடிந்திருந்தது. விசாரணை வைத்தார்கள். வேகம் சரி, பிரேக் சரி, டிரைவர் சரி. பார்த்தவர்கள் எல்லாம் முதுகில் தட்டி, “உங்க மேல தப்பே இல்ல” என்றார்கள். அவர் தலையாட்டினார்.

அவர் அழவில்லை. குடிக்கவில்லை. யாரிடமும் எரிந்து விழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ என்றிருக்குமே, உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் சாப்பிட்டார், உப்பு கூடினாலும் சாப்பிட்டார். மறுபடி வண்டியை எடுக்கச் சொன்னபோது சாவியை அதிகாரியின் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். அவர்களும் நல்லவர்கள்தான். பேருந்துகளில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைச் சேர்த்துவைக்கும் அறையில் அவரைப் போட்டார்கள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், எப்படித்தான் மறந்தார்களோ, ஊன்றுகோல் ஒன்று. மதியத்தோடு வேலை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

வீட்டில் சத்தம் குறைந்தது. அவர் பேசாததால் மனைவியும் பேச்சைக் குறைத்தாள். இரண்டு பேரும் பேசாததால் மகள் கிசுகிசுக்கத் தொடங்கினாள். மிளகு என்று அவளைக் கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாகவும் அவ்வளவு காரமாகவும் இருந்தாளாம். இப்போது ஐந்து வயது, காரத்தைக் காணோம். தண்ணீர் வேண்டும் என்றால்கூட அம்மாவின் காதருகே வந்து காற்றாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வயலின் டீச்சர் மனைவியின் கூடத்துக்குப் பரிசோதனைக்காக ரத்தம் கொடுக்க வந்தார். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளிக்காமல் ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருந்தார். மனைவி அன்று மாலை வீட்டுக்கு வந்து கைப்பையை மாட்டுவதற்குள் சொன்னாள்.

“என்னங்க, மிளகை வயலின் கிளாஸ்ல போடலாம்னு இருக்கேன். கூட ஒரு ஆள் போகணுமாம். போனாப் போதாது, கத்துக்கணுமாம்.”

“நானா?”

“வேற யாரு, நாற்காலியா?”

அவர் தலையாட்டினார்.

டீச்சரின் முறையில் இரண்டு விதிகள்தான். ஒன்று, பெற்றவர் முதலில் கற்க வேண்டும். மற்றது ஒலிநாடா. வாசிக்க வேண்டிய மெட்டுகளை டீச்சரே வாசித்துப் பதிவு செய்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பார். “காலையில பல் விளக்கும்போது ஓடட்டும், சாப்பிடும்போது ஓடட்டும், விளையாடும்போது ஓடட்டும். யாரும் உட்கார்ந்து கேட்க வேணாம். குழந்தைக்குப் பேச்சு எப்படி வந்துச்சு? நீங்க பாடம் நடத்தியா? வீட்டுல காதுல விழுந்துட்டே இருந்துச்சு, வந்துச்சு. இதுவும் அப்படித்தான். வீட்டுல என்ன ஒலிக்குதோ அதுதான் குழந்தை.”

டேப் ரெக்கார்டர் கிடைப்பது டிரைவருக்குக் கடினமாக இல்லை. பொருள் காப்பறையில் யாரும் தேடி வராத ஒன்று தூசி படிந்து கிடந்தது. கெடு முடிந்துவிட்டதால் எடுத்துப் போகச் சொன்னார்கள். சமையலறை அலமாரியில் அதை வைத்தார். நாள் முழுக்க அது ஓடியது.

வகுப்பில்தான் சிக்கல். முதல் மெட்டு குழந்தைகளுக்கானது. சின்னது, எளிதானது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சுரங்கள் சரிவில் உருளும் பந்து மாதிரி கீழே ஓடிவரும். அந்த இடம் வந்தால் டிரைவரின் வில் திணறும். வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பாதச்சுவடு வரைந்த தாள் அந்த இடத்தில் கிழிந்தேவிட்டது.

“சார், காலை ஏன் அந்த மிதி மிதிக்கிறீங்க? வயலினுக்குப் பிரேக் கிடையாது” என்றார் டீச்சர்.

டீச்சருக்கு விபத்து விஷயம் தெரியாது. மருந்துக்கடை அம்மாவுக்குத் தெரியும். அவர் சட்டென்று தன் பையனின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினார். மற்ற அம்மாக்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். டிரைவர் குனிந்து தாளைச் சரிசெய்தார். அவருக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் டேப் ரெக்கார்டரை வேலைக்கு எடுத்துப்போய்ப் பணிமனை எலக்ட்ரீஷியனிடம் காட்டினார்.

“இது ரொம்ப வேகமா ஓடுது. குறைக்க முடியுமா?”

எலக்ட்ரீஷியன் காதருகே வைத்துக் கேட்டார். “எனக்குச் சரியாத்தானே ஓடுது?”

“எனக்கு ஓடலை.”

“அப்ப உங்களுக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்” என்று சொல்லிக்கொண்டே அவர் மூடியைக் கழற்றினார். “இந்த மோட்டாருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை தெரியுதா? உள்ளே குட்டியா ஒரு ஸ்குரூ. இப்படித் திருப்புனா ஓடும். அப்படித் திருப்புனா நடக்கும். உங்களுக்கு எது வேணும்?”

“நடந்தாப் போதும்.”

அது நடந்தது. சரிவில் உருண்ட சுரங்கள் படியில் ஒவ்வொன்றாக இறங்கின. டிரைவர் அதோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தார். வயலினின் ஒலியும் டேப்பின் ஒலியும் ஒட்டவில்லை. வயலின் கொஞ்சம் கூர்மையாக மேலே நின்றது. தந்திகளை முறுக்கும் மரக்குமிழ்களை மெல்லத் தளர்த்தினார். ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. டேப்பை மெதுவாக ஓடவிட்டால் ஒலியின் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. வகுப்பில் டீச்சர் வயலினை வாங்கி முறுக்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து இவர் தளர்த்துவார். வேலைக்குச் சீருடை, வீட்டுக்குக் கைலி என்பது போல இதுவும் ஏதோ வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

டீச்சரும் வேறு மாதிரிதான் நினைத்தார். “உங்க வயலின் ஆணி ரொம்ப வழுக்குது சார்” என்று ஒவ்வொரு வாரமும் சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டார். மரக்குமிழ்கள் திருநீறு பூசியது போல் வெளுத்துப்போயின.

வீட்டில் அவர் தினமும் மதியம் வாசித்தார். பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. நாற்காலியில் உட்காருவதற்குப் பதில் நின்றார், அவ்வளவுதான். மிளகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியில் குச்சியை இழுப்பாள். டேப் அந்த ஒரு மெட்டை முடித்துத் திரும்பத் தொடங்கும். ஒரு நாள் படியில் இறங்கும் அந்த இடத்தில் அவருடைய விரல் தவறான இடத்தில் விழுந்தது. மிளகு எழுந்தாள். பெட்டியை ஓரமாக வைத்தாள். வந்து வில்லைப் பிடித்து இழுத்தாள்.

“தப்பு. குடு.”

கிசுகிசுப்பு இல்லை. குரல். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து கதவருகே நின்றாள். கையில் ஒரு தலையணை உறை. அதை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் வயலினைக் கொடுத்தார். மகள் அதைத் தூக்க முடியாமல் மடியில் போட்டுக்கொண்டாள். அவர் அவளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று புரிந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மழை பெய்வது தெரிவது மாதிரி புரிந்தது.

மிளகுக்குச் சின்ன வயலின் வந்தது. அவரும் மகளும் டேப்பும் சேர்ந்து வீட்டில் முதல் மெட்டை முழுசாக வாசித்தார்கள். அவள் அவரை “அப்பா, முழங்கை!” என்று அதட்டினாள். சாப்பிடும்போது பேசினாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்கிறாள் என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

வகுப்பில்தான் எதுவும் நடக்கவில்லை. டீச்சர் தந்திகளை முறுக்கிக் கொடுத்ததுமே மிளகின் முகம் கோணும். மற்றக் குழந்தைகள் வாசிக்கத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்வாள். வாசிக்கச் சொன்னால் விரலை வேண்டுமென்றே கீழே தள்ளி வைப்பாள். எல்லாருடைய மெட்டும் ஒரு பக்கம் போக, இவளுடையது ஈரச் சுவரில் உரியும் சுண்ணாம்பு மாதிரி தனியாகத் தொங்கும். வேகத்திலும் பின்தங்குவாள். ஒருமுறை டீச்சரைப் பார்த்தே சொன்னாள், “உங்க பாட்டு கத்துது.”

“எங்க பாட்டா? நீதான்டி கத்துற” என்று மருந்துக்கடை அம்மாவின் பையன் சொல்லிவிட்டு அடி வாங்கினான்.

வருடக் கடைசியில் கூட்டு வாசிப்பு வந்தது. எல்லா வகுப்புக் குழந்தைகளும் பெரிய மண்டபத்தில் ஒன்றாக நின்று வாசிக்கும் நாள். அதற்குச் சில வாரங்கள் முன்னால் டீச்சர், டிரைவரோடு மனைவியையும் வரச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. மிளகுக்குக் காது இன்னும் திறக்கலை. இந்தக் கூட்டத்துல நிறுத்துனா மத்தப் பிள்ளைங்களும் தடுமாறும், இவளும் பயந்துடுவா. ஒரு வருஷம் நிறுத்தி வைப்போம். வளரட்டும்.”

“நிறுத்துறதா?” என்றாள் மனைவி. “டீச்சர், இவ இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்கா. வயலினைக் கையிலேருந்து வாங்குனா மறுபடி சுவத்துகிட்டப் போய் உட்கார்ந்துக்குவா. எனக்கு வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆள் அப்படி உட்கார்ந்திருக்கார்.”

டிரைவர் தலையாட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

“வீட்டுல நல்லா வாசிக்கிறா. சத்தியமா நல்லா வாசிக்கிறா. நீங்க ஒரு தடவை வந்து கேளுங்க.”

டீச்சர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தன் கையில் வலிக்காமல் ஊசி ஏற்றியவளுக்கு மறுப்புச் சொல்ல அவரால் முடியவில்லை போலும். ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

சமையலறையில்தான் நாற்காலி போட்டார்கள். டீச்சர் தண்ணீர் டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மிளகு டேப்பைப் போட்டாள். அப்பாவும் மகளும் நின்று வாசித்தார்கள். டிரைவரின் வில் கொஞ்சம் கரகரத்தது. மிளகினுடையது கரகரக்கவில்லை. ஒரு சுரம்கூட விலகவில்லை. டேப்பில் இருக்கும் வயலினுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு வாசிப்பது மாதிரி இருந்தது.

டீச்சர் டம்ளரைப் பாதியிலேயே பிடித்தபடி இருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மெட்டு முடிந்ததும் கைப்பையைத் திறந்து, பள்ளிக்கூட அறிவியல் வகுப்பில் தட்டிக் காட்டுவார்களே, அந்த இசைக்கவையை எடுத்தார். முழங்காலில் தட்டி மேஜைமேல் ஊன்றினார். மிளகு காதைப் பொத்தினாள்.

“இந்த டேப்பை யாராவது ஏதாவது பண்ணீங்களா?”

“நான்தான் டீச்சர்” என்றார் டிரைவர். “பின்னாடி ஒரு ஸ்குரூ இருக்கு. திருப்புனேன்.”

“ஏன்?”

“வேகமா இருந்துச்சு.”

“எப்பத் திருப்புனீங்க?”

“நீங்க பிரேக் கிடையாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு மறுநாள்.”

மனைவி அடுப்படியில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டாள். டீச்சருக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. ஆனால் மனைவியின் முதுகைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்கவில்லை.

“சுருதி ஒரு முழுச் சுரத்துக்கு மேல இறங்கியிருக்கு” என்றார் மெதுவாக. “வயலினையும் இதுக்குத் தகுந்த மாதிரி இறக்கியிருக்கீங்க. நான் மாசக்கணக்கா சாக்பீஸைத் தேய்ச்சிட்டு இருந்திருக்கேன். வீட்டுல என்ன ஒலிக்குதோ அதுதான் குழந்தைன்னு நானேதான் சொன்னேன். அதையே அப்படியே செஞ்சிருக்கா. இவளுக்குக் காது இல்லன்னு சொன்ன என்னை…” என்று நிறுத்தி, மிளகின் முன் குனிந்தார். “உன் பாட்டு சரிதான் கண்ணு. என் பாட்டுதான் வேற.”

“நீங்க மெதுவாப் பாடணும்” என்றாள் மிளகு, பெரிய மனது பண்ணி.

மருந்து எளிதாகத் தெரிந்தது. டீச்சர் மறுநாளே நல்ல டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சரியான சுருதியில், சரியான வேகத்தில் முதல் மெட்டு சமையலறையில் ஒலித்தது. மிளகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். என்ன சொல்லியும் வரவில்லை. குனிந்து கூப்பிட்ட அம்மாவிடம், “இது நம்ம வீட்டுப் பாட்டு இல்ல” என்றாள். அதைக் கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

மனைவி எழுந்து அந்த நல்ல டேப் ரெக்கார்டரை அணைத்தாள். பழையதை அலமாரியில் எடுத்துவைத்தாள். பிறகு டிரைவரின் எதிரில் வந்து நின்றாள்.

“இவளுக்குத் தாய்ப்பாலை எப்படி மறக்கடிச்சேன், ஞாபகம் இருக்கா? ஒரே நாள்லயா நிறுத்துனேன்? இவளுக்கே தெரியாமக் கொஞ்சம் கொஞ்சமாத்தானே குறைச்சேன்? அந்த ஸ்குரூவை நீங்கதானே திருப்புனீங்க?”

“ஆமா.”

“நீங்களே திருப்புங்க. இவ கண்ணுல படாம. துளித் துளியா. பழைய இடத்துக்கு வர்ற வரைக்கும்.”

“அதுக்குள்ள கூட்டு வாசிப்பு வந்துடுமே?”

“வந்தா வரட்டும். ஆனா நீங்க அவகூட நின்னு வாசிக்கணும், நிறுத்தக் கூடாது. நீங்க நிறுத்துனா அவளுக்குத் தெரிஞ்சுடும்.” குரல் இறங்கியது. “உங்களை வேற எதுவும் நான் கேட்டதில்ல இத்தனை நாளா.”

விடிந்ததும், மிளகு எழுந்திருக்குமுன், டிரைவர் சமையலறைக்குப் போய் மூடியைக் கழற்றுவார். பல் குத்தும் குச்சி மாதிரி மெல்லிய திருப்புளி. முடி அளவு திருப்புவார். பிறகு இரண்டு வயலின்களையும் அந்தப் புதிய சுருதிக்கு ஏற்றுவார். மதியம் இருவரும் நின்று வாசிப்பார்கள். முதலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு அவருக்குத் தெரிந்தது. படிகளில் இறங்கிக்கொண்டிருந்த சுரங்கள் இரண்டிரண்டு படியாகத் தாவத் தொடங்கின. வலது கால் தரையை அழுத்தியது. வாசிப்பை நிறுத்தவில்லை. அழுத்தியபடியே வாசித்தார்.

மகளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே மிளகு நிமிர்ந்து டேப்பைப் பார்த்தாள்.

“அப்பா, பாட்டு வளர்ந்துடுச்சு.”

டிரைவரின் கை தட்டில் நின்றது. மனைவி முந்திக்கொண்டாள். “நீ மட்டும் வளரலாம், பாட்டு வளரக் கூடாதா? சாப்பிடு.”

மிளகு அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். சாப்பிட்டாள்.

கூட்டு வாசிப்புக்கு முந்தின வாரம் ஸ்குரூ தன் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அன்று மதியம் அந்தச் சரிவான இடம் வந்தபோது டிரைவரின் விரல்கள் பின்தங்கின. அவர் துரத்தினார். எட்டவில்லை. வில் தந்தியை விட்டு எழுந்து காற்றில் நின்றது. மனைவி சொன்னது நினைவில் இருந்தது, ஆனால் கை கேட்கவில்லை. மிளகு நிற்கவில்லை. அவர் நிறுத்தியதைக் கவனித்ததாகக்கூடக் காட்டவில்லை. உருண்டு இறங்கி, கீழே போய், மெட்டின் கடைசிவரை போய் முடித்தாள். பிறகு தலையைத் திருப்பி, “நீ ஏன் வரலை?” என்றாள்.

“எனக்கு வேகமா இருக்கு.”

“அப்ப நில்லு. நான் மறுபடி வாசிக்கிறேன்.”

அவர் நின்றார். அவள் மறுபடி வாசித்தாள். வேலை போனவர் கடைசி நாளில் தன் மேஜையைப் பார்ப்பது மாதிரி அவர் தன் கையிலிருந்த வில்லைப் பார்த்தார். வருத்தம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை. வயலினைப் பெட்டியில் வைத்தார். டீச்சரிடம் சொன்னபோது, “சரி சார், இனி நீங்க வாசிக்க வேணாம். உட்கார்ந்து கேளுங்க, போதும்” என்றார். வகுப்பில் மிளகின் வயலினை வாங்கிச் சுருதி பார்த்த டீச்சர், எதையும் முறுக்காமல் திருப்பிக் கொடுத்தார். மிளகின் முகம் கோணவில்லை. ஆனால் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து வாசித்தபோது இரண்டு இடங்களில் விரல் பழைய பழக்கத்தில் கீழே வழுக்கியது. அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன செய்யலாம் டீச்சர்?” என்றாள் மனைவி.

“நிறுத்துவோம்” என்றார் டீச்சர். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, மேடையில நிறுத்துவோம்னு சொன்னேன்மா” என்றார்.

மண்டபம் மடக்கு நாற்காலிகளால் நிரம்பியிருந்தது. டிரைவரும் மனைவியும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். மருந்துக்கடை அம்மா நடுவில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தும் டிரைவர் அங்கே போகவில்லை. மேடை முழுக்கக் குழந்தைகள். பாதச்சுவடுகள் எதுவும் இல்லை. மிளகு மூன்றாம் வரிசையில் ஓர் உயரமான பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். நெற்றியும் வில்லின் நுனியும் மட்டும் தெரிந்தன.

டீச்சர் கையை உயர்த்தினார். முதல் மெட்டு தொடங்கியது.

டிரைவர் மகளின் ஒலியைத் தேடினார். அதைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பெரிய காரியமே இல்லை. இத்தனை மாதங்களும் எந்தக் கூட்டத்திலும் அது தனியாகக் கீழே தொங்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் அகப்படும். இப்போது முதல் வரிசையில் தேடி, இரண்டாவதைக் கடந்து மூன்றாவதற்கு வந்தார். அங்கே ஒலி இருந்தது, அவளுடையது இல்லை. விட்டுவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து தேடினார். சரிவான இடம் வந்தது. எல்லா வயலின்களும் சேர்ந்து இறங்கின. எதுவும் பின்தங்கவில்லை.

மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாசிக்கிறாளா, இல்ல சும்மா வில்லை ஆட்டிட்டு நிக்கிறாளா? எனக்கு ஒண்ணுமே கேட்கலை.”

“வாசிக்கிறா.”

“எப்படிச் சொல்றீங்க?”

“தனியாக் கேட்கலையே.”

மனைவிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவருடைய சட்டைக் கையை விடாமல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, மெட்டு முடியும்வரை தேடிக்கொண்டே இருந்தார். கடைசிவரை கிடைக்கவில்லை.